விடுபட்ட ஒன்பதாவது ஊர்

தொப்பூரில் நின்றால் மூன்று பக்கம் போகலாம். வடக்கே கணவாய் ஏறினால் தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூரு. தெற்கே ஓமலூர், சேலம். மேற்கே திரும்பினால் மேச்சேரி, மேட்டூர், பவானி. அப்படியே கோவைக்கும் போய்ச் சேரலாம். சென்னைக்கு மட்டும் நேர்வழி கிடையாது. வடக்கே போய்க் கிருஷ்ணகிரியில் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் தெற்கே போய்ச் சேலத்தில் திரும்ப வேண்டும். தலைநகருக்குச் சுற்றித்தான் போக வேண்டும் என்பது எங்கள் பக்கத்துக்காரர்களுக்குப் பழகிப்போனது.

தமிழ்நாட்டுக்குப் பெரிய லீகில் ஒரு தொழில்முறைக் கால்பந்து அணி வந்ததும் இப்படிச் சுற்றித்தான். சென்னையின் எஃப்சி என்று இன்று சொல்கிறோமே, அந்த இடம் முதலில் சென்னைக்கென்று ஒதுக்கப்பட்டதே இல்லை. பெங்களூரில் இறங்க வேண்டிய வண்டி அங்கே நிற்க முடியாமல் நம் பக்கம் திரும்பியது.

அதற்கு முன் இங்கே அணிகளே இல்லையா என்றால், இருந்தன. சென்னை லீக் ஆட்டங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அணி என்றால் அதன் பின்னால் ஓர் அலுவலகம் இருக்கும். வங்கி, ரயில்வே, பெரம்பூர் ஐசிஎஃப், துறைமுகம், வருமான வரித்துறை. பையன் நன்றாக ஆடினால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை. சம்பளம் எழுத்தர் வேலைக்கு. பந்து அந்த வேலையோடு ஒட்டிக்கொண்டு வரும். 1996இல் தேசிய கால்பந்து லீக் தொடங்கியபோது சென்னையிலிருந்து அதில் ஆடியது இந்தியன் வங்கி அணிதான். நல்ல அணி. ஆனால் இந்தியன் வங்கி தோற்றுவிட்டதே என்று ராத்திரி சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்த ஒருவரை நான் சந்தித்ததில்லை. கணக்கு வைத்திருந்தவர்கள்கூட அழுதிருக்க மாட்டார்கள். வங்கி அணி கீழே இறங்கிய பிறகு பத்தாண்டுகள் நாட்டின் உயர்மட்ட லீகில் தமிழ்நாட்டு அணி என்று ஒன்று இல்லை. அது இல்லை என்பதைக் கவனித்தவர்களும் அதிகமில்லை.

இதற்கிடையில் ஒரு கையெழுத்து விழுந்தது. 2010 டிசம்பரில் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் தன் வணிக உரிமைகள் எல்லாவற்றையும் ஐஎம்ஜி-ரிலையன்ஸிடம் ஒப்படைத்தது. 15 ஆண்டு, 700 கோடி ரூபாய். ஒளிபரப்பு, விளம்பரதாரர், புதிதாக ஒரு லீக் நடத்தும் உரிமை, எல்லாம் அதில் அடக்கம். ஊர் பெயரில் அணி, அணிக்கு முதலாளி, முதலாளிக்குப் பின்னால் ஒரு சினிமா முகம் அல்லது கிரிக்கெட் முகம் என்று ஐபிஎல் போட்டுக்கொடுத்த பாதை கண்ணெதிரே இருந்தது. புது லீகின் திட்டமும் அதே அச்சில் வார்க்கப்பட்டது.

லீக் வருவதற்கு முன்பே பெங்களூரு முந்திக்கொண்டது. அப்போது நடந்துகொண்டிருந்த ஐ-லீகில் சேர 2013இல் சம்மேளனம் கம்பெனிகளை அழைத்தது. கீழ்ப்பிரிவிலிருந்து படிப்படியாக ஏறி வர வேண்டாம், பணம் கட்டி நேராக உள்ளே வரலாம். ஜேஎஸ்டபிள்யூ பெங்களூருக்காக வந்தது. இந்தப் பெயர் எங்களுக்குப் புதிதல்ல. தொப்பூரிலிருந்து மேட்டூர் சாலையில் போனால் வரும் மேச்சேரிக்குப் பக்கத்தில், பொட்டனேரியில், அவர்களுடைய இரும்பாலை இருக்கிறது. மேச்சேரி ஆட்டுக்கும் இந்த ஆலைக்கும் சேர்த்துத்தான் அந்தப் பகுதிக்கு வெளியூரில் பெயர். ஆலையில் வேலைக்குப் போகிறவர்களில் எத்தனை பேருக்குத் தங்கள் கம்பெனி ஒரு கால்பந்து அணியைத் தொடங்குவது தெரிந்திருக்கும் என்று நான் யோசித்ததுண்டு.

பெங்களூரு எஃப்சி பிறந்த விதத்தில் எனக்கு இன்றைக்கும் ஒரு மரியாதை உண்டு. 2013 ஜூலையில் அறிவித்தார்கள். ஆஷ்லி வெஸ்ட்வுட் என்ற ஆங்கிலேயரைப் பயிற்சியாளராக்கினார்கள். சுனில் சேத்ரியைக் கொண்டுவந்தார்கள். நகரத்தின் பழைய சிறிய மைதானத்தில் செப்டம்பர் 22ஆம் தேதி மோகன் பகானோடு முதல் ஆட்டம், 1-1. மேற்குப் பக்கத்து இருக்கை வரிசையில் கொஞ்சம் பேர் நின்றுகொண்டே கத்தினார்கள். அவர்கள் வாராவாரம் வந்தார்கள், பாட்டுக் கட்டினார்கள், தங்களுக்கு வெஸ்ட் பிளாக் புளூஸ் என்று பெயரும் வைத்துக்கொண்டார்கள். அந்தப் பருவத்திலேயே, முதல் முயற்சியிலேயே, ஐ-லீக் கோப்பை. அணியிடம் சினிமா நட்சத்திரம் யாரும் இல்லை.

இனி 2014. புது லீகுக்கு ஒன்பது ஊர்கள் பட்டியலில் இருந்தன: கொல்கத்தா, மும்பை, தில்லி, கோவா, புனே, கொச்சி, குவாஹாட்டி, பெங்களூரு, சென்னை. அணிகள் எட்டுத்தான். ஒன்று கழிய வேண்டும். சென்னைக்காகக் கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்தின் பெயர் கொஞ்ச நாள் அடிபட்டது, பிறகு அடங்கிவிட்டது. ஏப்ரலில் முடிவு அறிவித்தபோது கொல்கத்தாவுக்குக் கங்குலி, கொச்சிக்குச் சச்சின், மும்பைக்கு ரன்பீர் கபூர், குவாஹாட்டிக்கு ஜான் ஆபிரகாம், புனேவுக்குச் சல்மான் கான் என்று வரிசையாகப் பெயர்கள். பெங்களூரு சன் குழுமத்துக்கு. விடுபட்ட ஒன்பதாவது ஊர் சென்னை.

இதை மறுபடி ஒருமுறை படித்துப் பாருங்கள். சென்னையில் தலைமையகம் வைத்திருக்கும் நிறுவனம் பெங்களூரை வாங்கியது. சென்னைக்கு ஆள் இல்லை. வணிகக் கண்ணால் பார்த்தால் தப்பில்லைதான். ஆனால் பெங்களூரில் ஏற்கெனவே ஒரு சாம்பியன் அணி நின்றுகொண்டிருந்தது. ரசிகர்கள் சேர்ந்துவிட்டார்கள், நிறம் பதிந்துவிட்டது. ஓர் ஊரில் இரண்டாவது மாரியம்மன் கோயில் கட்டலாம், தேர் யாருக்கு ஓடும்? அந்த அணியோடு கைகோத்தால் ஒழிய இன்னோர் அணிக்கு அங்கே என்ன வேலை என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை. சன் குழுமம் விலகியது. எட்டாவது நாற்காலி காலியானது.

காலி நாற்காலியைச் சென்னைப் பக்கம் நகர்த்தினார்கள். 2014 ஆகஸ்டில் அதில் வந்து உட்கார்ந்தவர் அபிஷேக் பச்சன். அந்த மாதக் கடைசியில்தான் புரோ கபடி லீகில் அவருடைய ஜெய்ப்பூர் அணி முதல் கோப்பையை வாங்கியது. தருமபுரிப் பக்கம் அப்போது தொலைக்காட்சியில் ஓடியதும் கபடிதான். பச்சன் மகனை எங்கள் ஊர்ப் பையன்கள் கபடி முதலாளியாகத்தான் முதலில் அறிந்தார்கள். கூட வீட்டா டானி பங்குதாரரானார். அக்டோபரில் மகேந்திர சிங் தோனியும் சேர்ந்தார். ஆக, சென்னை அணியின் முதலாளிகளில் தமிழ்நாட்டுக்கு வீட்டுப் பிள்ளை என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால் ராஞ்சிக்காரர் தோனியைத்தான் சொல்ல வேண்டும்.

லீக் தொடங்கும் நாள் அக்டோபர் 12. கையில் ஏறக்குறைய எட்டு வாரம். இந்த எட்டு வாரத்தில் அணிக்குப் பெயர் வேண்டும், சட்டை வேண்டும், ஆட்கள் வேண்டும்.

பெயரில் ஒரு வேடிக்கை. சென்னையின் என்பது தமிழில் பாதி நின்றுபோன சொல். சென்னையின் என்றால் எது, யார் என்று அடுத்த சொல்லுக்குக் காது காத்திருக்கும். பள்ளிக்கூடத்தில் வேற்றுமை நடத்திய என் தமிழாசிரியர் இருந்திருந்தால், இன் என்பது மரபுப்படி ஐந்தாம் வேற்றுமை உருபு, இங்கே சாரியையாக நிற்கிறது, உருபும் இல்லை பெயரும் இல்லை, உட்கார் என்றிருப்பார். சிங்கம், புலி, ராஜா, சூப்பர் என்று எதையும் ஒட்டாமல் வெறும் ஒரு சாரியையை மட்டும் நம்பிப் பெயர் வைத்த அணி உலகத்தில் வேறு உண்டா தெரியவில்லை. எனக்கு அந்தப் பெயர் பிடிக்கும். அடுத்த சொல்லை ஊர்க்காரர்கள் நிரப்பிக்கொள்ளட்டும் என்று விட்டது போல இருக்கிறது.

நிறம் நீலம். பெங்களூரு எஃப்சியும் நீலம். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆள் பிடித்ததில் முதல் பெயர் மார்கோ மாட்டராஸி. 2006 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் சிடான் தலையால் முட்டியது இவருடைய நெஞ்சில்தான். 41 வயதில் ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் சேர்ந்தே வந்தார். பிரேசிலின் எலானோ, பிரான்சின் மிக்கேல் சில்வெஸ்டர், பெர்னார் மெண்டி, கொஞ்ச நாள் கழித்து இத்தாலியின் நெஸ்டா. ஒரு காலத்தில் ராத்திரி கண் விழித்துத் தொலைக்காட்சியில் பார்த்த முகங்கள், பெரியமேட்டு நேரு ஸ்டேடியத்தில் வேர்த்து விறுவிறுத்து ஓடின. போகிற போக்கில் ஒன்று: அந்த ஆண்டு எட்டு அணிகளில் நான்கு, சென்னை, கொச்சி, தில்லி, கோவா, நேரு பெயர் கொண்ட அரங்குகளில்தான் ஆடின. குவாஹாட்டி அணி மகள் பெயர் கொண்ட அரங்கில்.

முதல் ஆட்டம் அக்டோபர் 15, கோவாவில். 2-1 என்று சென்னை ஜெயித்தது. சொந்த ஊரில் முதல் ஆட்டம் அக்டோபர் 21, தீபாவளிக்கு முந்திய நாள், கேரளா பிளாஸ்டர்ஸோடு. கடைசி நேரத் துணிக்கடைக் கூட்டமும் பட்டாசுச் சத்தமுமாக இருந்த நகரத்தில் ஒரு பகுதி ஜனம் புதுத்துணியை விட்டுவிட்டுக் கால்பந்து பார்க்கப் போயிற்று. அதிலும் 2-1. எலானோ அந்தப் பருவத்தில் 8 கோல் அடித்து அதிக கோல் அடித்தவரானார். சென்னை புள்ளிப் பட்டியலில் முதலிடம். அரையிறுதியில் அதே கேரளாவிடம் தோற்றது.

ஆனால் அணி பிறந்தது இந்த 2014 தீபாவளியிலா என்று கேட்டால், நான் இல்லை என்பேன். 2015 டிசம்பர் வெள்ளத்தில் என்பேன். அடையாறு கரை உடைத்துக்கொண்டு ஓடிய அந்த நாட்களில் அரையிறுதியின் சொந்த ஊர் ஆட்டத்தைச் சென்னையில் நடத்த முடியவில்லை. புனேவுக்கு மாற்றினார்கள். காலி இருக்கைகளுக்கு நடுவே கொல்கத்தாவை 3-0 என்று அடித்தார்கள். டிசம்பர் 20 அன்று கோவாவில் இறுதி. 89ஆம் நிமிடம் வரை கோவா 2-1 என்று முன்னால். 90ஆம் நிமிடத்தில் கோவா கோல்காப்பாளர் கட்டிமணியின் கையிலிருந்தே பந்து தன் வலைக்குள் போயிற்று. இரண்டு நிமிடம் கழித்து ஸ்டீவன் மெண்டோசா அடித்தார். 3-2. வீட்டுக்குள் சேறு அள்ளிக்கொண்டிருந்தவர்களுக்கு, மின்சாரம் திரும்பிய வீடுகளில், இந்த இரண்டு நிமிடம் கிடைத்தது. அதற்குப் பிறகு சென்னையின் என்ற சொல்லுக்குப் பின்னால் என்ன வரும் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

சரி, இது சென்னைக் கதை. மேற்குக்கு என்ன கிடைத்தது?

மேற்குக்குக் கிடைத்ததும் சென்னை என்ற பெயர்தான். சென்னை சிட்டி எஃப்சி. சென்னை லீகில் ஆடிக்கொண்டிருந்த அணி. ரோஹித் ரமேஷ் உரிமையாளர். 2016 டிசம்பரில், பெங்களூரு நுழைந்த அதே கம்பெனி வாசல் வழியாக, ஐ-லீகுக்குள் வந்தது. முதல் பருவத்தில் சென்னையில் ஆடியது. அடுத்த பருவத்தில் கோவைக்கு இடம் மாறியது. இரண்டு பருவத்திலும் எட்டாவது இடம். கோவையில் ஆடும் அணிக்குச் சென்னை என்ற பெயர் இருப்பதைப் பற்றிக் கோவைக்காரர்கள் என்னிடம் சலித்துக்கொண்டதுண்டு. மேற்கு மாவட்டங்களுக்கு இதுவும் பழகிப்போனதுதான்.

2018இல் சிங்கப்பூர்க்காரர் அக்பர் நவாஸ் பயிற்சியாளராக வந்தார். பெரிய பெயர்களைத் தேடாமல், ஸ்பெயினின் கீழ்ப்பிரிவு அணிகளில் யாரும் கவனிக்காத ஆட்களைத் தேடினார்கள். கனாரித் தீவிலிருந்து நெஸ்டர், சாண்ட்ரோ, கோல்காப்பாளர் நௌசெட் சந்தானா. முன்வரிசைக்குப் பெட்ரோ மான்சி. கூட எட்வின் வான்ஸ்பால், ரோமாரியோ ஜேசுராஜ் போன்ற நம் பையன்கள். அக்டோபர் 26 அன்று முதல் ஆட்டத்தில் இந்தியன் ஏரோஸை 4-1 என்று அடித்தார்கள். மான்சிக்கு மூன்று கோல். பந்தைத் தரையிலேயே வைத்து, சின்னச் சின்னப் பாஸாக, அவசரமில்லாமல் எதிரணிக் கோட்டைக்குள் நடந்து போகும் ஆட்டம். தறி ஓட்டுகிறவன் கையைப் பார்த்திருக்கிறீர்களா? நாடா இங்கே போகும் அங்கே வரும், சத்தம் ஒரே சீராக இருக்கும், திரும்பிப் பார்த்தால் ஒரு முழம் துணி இறங்கியிருக்கும். அப்படி.

2019 மார்ச் 9, கடைசி நாள். கோவையில் மினர்வா பஞ்சாபோடு ஆட்டம். ஒரு புள்ளி பின்னால் ஈஸ்ட் பெங்கால் அதே நேரத்தில் கோழிக்கோட்டில் கோகுலத்தோடு ஆடிக்கொண்டிருந்தது. மூன்றாம் நிமிடத்திலேயே மினர்வா கோல் போட்டுவிட்டது. பாதி ஆட்டம் முடிந்தும் சமன் இல்லை. இரண்டாம் பாதியில் மான்சியின் பெனால்டி, பிறகு கௌரவ் போராவிடமிருந்து இரண்டு. போரா தடுப்பாட்டக்காரர். 3-1. ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்தது. ஆனால் 43க்கு 42. தமிழ்நாட்டு அணி ஒன்று ஐ-லீக் வென்றது அதுதான் முதல் முறை. மான்சியின் கணக்கு 21 கோல். அந்த ஆண்டுத் தொடக்கத்திலேயே சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாசல் 26 சதவீதப் பங்கை வாங்கியிருந்தது. எல்லாம் கூடி வந்தது போலத்தான் இருந்தது.

எங்கள் கணவாயில் லாரிகள் கவிழ்வதற்கு ஒரு காரணம் எல்லாருக்கும் தெரியும். தருமபுரியிலிருந்து இறங்கும்போது டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் போட்டுவிடுவார்கள். வண்டி தானாக ஓடும், சுகமாக இருக்கும். இரட்டைப் பாலம் வரும்போது பிரேக் சூடேறிக் கையை விரித்துவிடும். கியரில் இறங்கு, கியரில் இறங்கு என்று எச்சரிக்கை வைத்தும் கேட்பதில்லை. ஐ-லீக் கோப்பைக்குப் பிறகு சென்னை சிட்டியைப் பார்த்தபோது எனக்கு அந்த இறக்கம்தான் ஞாபகம் வந்தது. நல்ல ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகப் பெரிய சம்பளத்துக்குப் போனார்கள். வான்ஸ்பால் சென்னையினுக்கே போனார். 2020 மார்ச்சில் ஏஎஃப்சி கோப்பைப் போட்டியில் மாலத்தீவின் மாசியாவோடு சொந்த ஊர் ஆட்டம் என்று நடந்தது அகமதாபாத்தில். பிறகு கொரோனா. 2020-21 பருவத்தைக் கொல்கத்தாவில் ஆடி முடித்தார்கள். அதன்பின் ஐ-லீக் பட்டியலில் அந்தப் பெயர் இல்லை.

உயிரோடு இருப்பவை மட்டும் சுகமாக இருக்கின்றனவா? 2010இல் போட்ட 15 ஆண்டு ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிய வேண்டியிருந்தது. அடுத்து என்ன என்று முடிவாகாததால் லீகே நிற்குமா என்ற நிலை வந்தது. அந்த ஆகஸ்டில் பெங்களூரு எஃப்சி முதல் அணியின் சம்பளத்தை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. அதே வாரத்தில் சென்னையினும் தன் வேலைகளைத் தற்காலிகமாக நிறுத்தியது. ஒரு நாற்காலிக்காகச் சந்தித்துக்கொண்ட இரண்டும் ஒரே வாரத்தில் கதவைச் சாத்தின.

2018 மார்ச் 17ஐ வேண்டுமென்றே பின்னால் தள்ளி வைத்திருந்தேன். அந்தப் பருவத்தில்தான் பெங்களூரு எஃப்சி புது லீகுக்குள் வந்திருந்தது. வந்த வேகத்தில் பட்டியலில் முதலிடம், இறுதி ஆட்டம், அதுவும் சொந்தக் கண்டீரவா அரங்கில். எதிரே சென்னையின். பெங்களூரின் நாற்காலியில் உட்கார்ந்த அணி, பெங்களூருக்கே வந்து நின்றது. ஒன்பதாம் நிமிடத்தில் சேத்ரி தலையால் முட்டிக் கோல். கார்னர் பந்துகளில் உயர எழும்பி மெயில்சன் ஆல்வெஸ் இரண்டு. 67இல் ரஃபேல் அகுஸ்டோ. கடைசியில் மிக்கு ஒன்று போட்டும் 3-2, சென்னைக்கு இரண்டாவது கோப்பை. நடுக்களத்தில் வியாசர்பாடியின் தன்பால் கணேஷ் ஆடினார். நான்கு நாள் முன்பு அரையிறுதியில் கோவாவுக்கு எதிராக ஒரு கோலும் அடித்திருந்தார்.

என் சித்தப்பா மகன் ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறான். ஓசூரிலிருந்து கண்டீரவா ஒரு டவுன் பஸ் தூரம் என்பான். வெஸ்ட் பிளாக்கில் நின்று தொண்டை கட்டுகிறவர்களில் அவனும் ஒருவன். அன்று ராத்திரி ஆட்டம் முடிந்து, சேலம் பஸ் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் தொப்பூரில் இறங்கினான். நானும் அன்று ஊரில் இருந்தேன். முகம் தொங்கிப்போய், நீலச் சட்டையோடு திண்ணையில் உட்கார்ந்தவனைப் பார்த்துச் சித்தி உள்ளேயிருந்து கேட்டாள்.

"மேட்ச்சுக்குப் போனியே, யாருடா ஜெயிச்சது?"

"நாமதாம்மா. மெட்ராஸு."

சித்தி காபி போடப் போனாள். அவன் சட்டையைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்தான். என் பக்கம் திரும்பி, குரல் வெளியே வராமல், "தோத்துட்டோம்ண்ணா" என்றான்.